மணிக்குக் கீழே நிறுத்திய பிள்ளை

(குளத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஊரூட்டம்பலத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே பாதி கருகிய ஒரு மரப் பெஞ்சைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். 1914-இல் தலித் உரிமைப் போராளி அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையர் வீட்டுச் சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப்போய் அந்தப் பள்ளியில் உட்கார வைத்தார். எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். கொல்லம் ஆண்டு 1090-இல் நடந்ததால் தொண்ணூறாமாண்டுக் கலகம் என்று அதற்குப் பெயர். அந்தத் தீயில் மிஞ்சிய பெஞ்சு அது. 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டினார்கள்.

அந்தக் கதையில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்ற திருவிதாங்கூர் அரசின் உத்தரவு அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் கையெழுத்தாகிய உத்தரவு ஊரூட்டம்பலத்து வாசற்படியில் நின்றுவிட்டது. சாதிக் கொடுமையையும் நான் இன்று பேசப்போகும் விஷயத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. உத்தரவுக்கும் பெஞ்சுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். இருபது ஆண்டுக்கு மேலாகச் சிறப்பாசிரியராக ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கியவன் நான். அந்த இடைவெளியில் நின்ற பிள்ளைகளை எனக்கு முகம் முகமாகத் தெரியும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். பள்ளி எது, கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, பஸ்களின் வழியும் நேரமும் மட்டும் மனப்பாடம். களியக்காவிளை ஸ்டாண்டில் நின்றால் வண்டியின் சத்தத்தை வைத்தே எந்தப் பஸ் என்று சொல்லிவிடுவான். அந்த ஆண்டு திடீரென்று கடிக்க ஆரம்பித்தான். முதலில் பக்கத்துப் பையனை, பிறகு ஆயாவை, கடைசியில் வகுப்பாசிரியையின் முன்கையை. பல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. அந்த ஆசிரியை நல்லவர், அவனிடம் பிரியமாக இருந்தவர். மறுநாள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், பிள்ளைகள் பார்க்க வேண்டாமே என்று.

பள்ளியில் கூடிப் பேசினோம். அடிக்கக் கூடாது, அது எல்லாருக்கும் தெரியும். கடித்தால் கொஞ்ச நேரம் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிற்கட்டும் என்று முடிவு செய்தோம். அந்த யோசனைக்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். நின்றான். ஒரு வாரத்தில் கடி இரட்டிப்பானது. வெளியே நிற்கும்போது கத்தினான், தலையைத் தூணில் முட்டினான். அம்மாவை வரவழைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பதினோரு மணிக்குப் போன் போகும், பன்னிரண்டு மணிக்குள் அம்மா மீன் கூடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வருவார்.

அப்போதுதான் நான் செய்ய வேண்டியதை, முதல் நாளே செய்திருக்க வேண்டியதை, தாமதமாகச் செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மூன்று கட்டம் கோடு போட்டேன். கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பின்னால் நாம் என்ன செய்தோம். நேரத்தோடு எழுத வேண்டும். அந்த ஆசிரியை கை வலியோடு மூன்று வாரம் ஒருநாள் விடாமல் எழுதினார்.

நோட்டை விரித்து வைத்தபோது முதல் கட்டத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்திருந்தது. மணி. அந்த ஆண்டு ஜூனில்தான் பள்ளியில் பழைய தண்டவாளத் துண்டை இறக்கிவிட்டு எலக்ட்ரிக் மணி மாட்டியிருந்தார்கள். நமக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அது காதுக்குள் ஆணி இறங்குவதைப் போல. ஒவ்வொரு பீரியட் முடியும்போதும் அது வரும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குச் சில நிமிஷம் முன்பே உடம்பு விறைத்துப்போகும். யாராவது தொட்டால் கடி.

அந்த மணியை மாட்டியிருந்த இடம் வராந்தா. தண்டனை என்று நாங்கள் அவனை நிறுத்தி வைத்தது சரியாக அதற்குக் கீழே.

மூன்றாவது கட்டம் இன்னொன்றையும் காட்டியது. கடித்தால் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வீட்டில் மணி இல்லை. இதை அவன் கற்றுக்கொண்டுவிட்டான். வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை, தனக்கு வேண்டியதைப் பல்லால் கேட்கக் கற்றிருந்தான். கற்றுக் கொடுத்தவர்கள் நாங்கள்.

மணியைக் கழற்றிப் பழைய தண்டவாளத் துண்டை மறுபடி தொங்கவிட்டார்கள். மணியடிக்கும் முன் அவனே எழுந்துபோய் எச்.எம். மேசைமேல் ஒரு மஞ்சள் அட்டையை வைத்துவிட்டு ஆபீஸ் அறையில் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்தோம். கடி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. அந்தக் குறைவு போதும் அவன் பள்ளியில் இருக்க.

இதை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூன்று கட்ட நோட்டு ஒரு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் தண்டனை கொடுக்கும் முன் அதை எழுதியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் எங்களைக் கேட்கவில்லை. நான் அன்று சோம்பியிருந்தால் அந்தப் பிள்ளை முரடன் என்ற பெயரோடு வீட்டில் இருந்திருப்பான்.

சட்டத்துக்கு நம்மிடம் குறைவில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 2019-இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தவறியவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். நீக்கும் அதிகாரத்தை அப்போதும் தரவில்லை. 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்புக்குத் தடை போட்டார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 வயதிலிருந்து 18 வயதுவரை பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை கொடுத்தது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை என்று அதன் 92-ஆம் பிரிவு சொல்கிறது. ஸ்டாஃப் ரூமில் இதை வாசித்துக் காட்டினால் பலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இத்தனையும் இருந்தும் பிள்ளைகள் வெளியே போகிறார்கள். எப்படி?

நீக்கம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே, கூட்டிட்டு வராதீங்க. ஏ.இ.ஓ. வராங்க, ரெண்டு நாள் வீட்ல இருக்கட்டும். மதியத்தோட கூட்டிட்டுப் போயிடுங்க, சாப்பாட்டு நேரத்துல பார்த்துக்க ஆள் இல்ல. கூட ஆள் உட்கார்ந்தா வரலாம். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு: டி.சி. வாங்கிக்கிட்டா உங்களுக்குத்தான் நல்லது. எத்தனை பள்ளிகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! சொல்பவர்கள் கொடியவர்கள் அல்ல. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு தனியாக நிற்பவர்கள்.

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வந்தான், வரவில்லை என்ற இரண்டுதான் இருக்கிறது. வராதே என்று சொன்னோம் என்று எழுத அதில் இடம் இல்லை. மாசத்தில் பத்து நாள் அவனை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். பதிவேட்டில் அது அவன் எடுத்த லீவு. ஆறு மாதம் கழித்து, பிள்ளை ஒழுங்காக வருவதில்லை என்று அதே பதிவேட்டைக் காட்டித் தாயிடம் பேசுகிறோம்.

இன்னொரு தாள் இருக்கிறது. என் சொந்த விருப்பத்தின் பேரில் என் மகனை வீட்டிலிருந்து படிக்க வைக்கிறேன் என்று எழுதி வாங்கும் தாள். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று ஒரு தேர்வைக் கொடுத்தது. பெஞ்சில் உட்காரவே முடியாத பிள்ளைக்கு அது வரம். அமைதியாக உட்காராத பிள்ளைக்கு அது வெளியே போகும் கதவாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் சொல்கிறேன்: வாரத்தில் ஒருமுறை போனாலே பெரிது. மீதி நாளெல்லாம் அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு தாளை ஒரு தாய் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். மலையாளத்தில் எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்து, தமிழில், எழுத்துக்கூட்டி.

"என்ன எழுதியிருக்கு, வாசிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மலையாளம் எனக்கு வாசிக்கத் தெரியாது சாரே. ஒப்பு போடச் சொன்னாவ, போட்டேன்."

1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக் கோடு கிழித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கம் நின்றது. அந்தக் கோட்டுக்கு மேல் பெண் கொடுத்து, பெண் எடுத்து, சந்தைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறோம். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை மாநிலம் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை, பஸ் பார்த்துத்தான் செய்கிறோம். அதனால் இந்த மண்ணில் ஒரு தாய் தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் தன் பிள்ளையின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட முடிகிறது. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தார், தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் படும்.

இனி, வெளியூர் அனுபவம் ஒன்று. அமெரிக்காவில் 1975-இல் ஊனமுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி என்று சட்டம் வந்தது. அதன்பிறகும், முரட்டுத்தனம் செய்கிறார்கள் என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் மனநலச் சிக்கலுள்ள இரண்டு மாணவர்களைப் பள்ளி நிர்வாகம் காலவரையின்றி வெளியே நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1988-இல் ஹோனிக் எதிர் டோ என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: பள்ளி தன்னிச்சையாகப் பத்து நாள்வரை நிறுத்தி வைக்கலாம், அதற்கு மேல் தானாக வெளியேற்ற முடியாது. 1997-இல் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கேள்வியையும் கட்டாயமாக்கினார்கள். பத்துப் பள்ளி நாளுக்கு மேல் ஒரு பிள்ளையை வெளியே வைப்பதானால், ஆசிரியரும் பெற்றோரும் உட்கார்ந்து முதலில் தீர்மானிக்க வேண்டும்: இந்தச் செயல் அந்தப் பிள்ளையின் குறைபாட்டிலிருந்து வந்ததா? பள்ளி கொடுக்க வேண்டிய உதவியைக் கொடுக்காததால் வந்ததா? ஆம் என்றால் பிள்ளை தன் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், காரணத்தை ஆராய்ந்து மாற்றுத் திட்டம் எழுத வேண்டும். ஆயுதம், போதைப்பொருள், கடுமையான காயம் என்றால் மட்டும் 45 பள்ளி நாள்வரை வேறிடத்தில் படிக்க வைக்கலாம், அங்கேயும் படிப்பு நிற்கக் கூடாது.

அந்த நாட்டைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே பல மாநிலங்களில் பள்ளியில் பிள்ளையை மரத்தட்டையால் அடிப்பது இன்னும் சட்டப்படி சரி. 1977-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்தது. நாம் அந்த விஷயத்தில் அவர்களைவிட நேர்மையான சட்டம் செய்திருக்கிறோம். அவர்களிடம் இருப்பது அந்த ஒரு கேள்வியும் அதைக் கேட்பதற்கான நாள் கணக்கும். நம்மிடம் அது இல்லை. செயலுக்கும் தண்டனைக்கும் நடுவே நம் பள்ளியில் எச்.எம்.மின் மனசு மட்டும்தான் நிற்கிறது. நல்ல மனசு என்றால் பிள்ளை பிழைத்தது. அவர் ஜூனில் டிரான்ஸ்ஃபரில் போனால்?

மனசை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நிலைமை ஒரு தாய்க்கு வரக் கூடாது. இரக்கம் எங்கள் தொழிலில் நிறையவே இருக்கிறது, நான் கேட்பது முறை.

அந்தக் கேள்வியை எல்லாப் பிள்ளைக்கும் கேட்க வேண்டும், குறைபாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவனுக்கு மட்டும் அல்ல. ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் உட்கார முடியாத, கேட்காமலே பதில் சொல்லிவிடுகிற, வரிசையில் நின்றால் தள்ளிவிடுகிற பிள்ளையை எந்த வகுப்பிலும் பார்க்கலாம். ஏ.டி.ஹெச்.டி. என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். அந்தப் பெயர் 2016 சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இல்லை. என் அனுபவத்தில் அதிகமாகத் திட்டு வாங்குகிற, அதிகமாக வெளியே நிற்கிற பிள்ளை அவன்தான். அவன் கையில் காட்ட ஒரு அட்டை இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறான், ஓடுகிறான், பேசுகிறான். அதனால் அவன் செய்வதெல்லாம் கொழுப்பு என்று ஆகிவிடுகிறது. அதே போல எட்டாம் வகுப்போடு நீக்கத் தடையும் முடிந்துவிடுகிறது. ஒன்பதில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் கண்ணில் தெரிய ஆரம்பிக்கும். சரியாக அந்த ஆண்டில்தான் டி.சி. பேச்சு வரும்.

ஆசிரியர்கள் பக்கம் பேசாமல் போனால் நான் நன்றி கெட்டவன். கடி வாங்கிய அந்த ஆசிரியைக்கு யார் இருந்தார்கள்? அவருக்கு ஊசி போட அழைத்துப்போகவும், பக்கத்துப் பையனின் அப்பா வந்து கத்தியபோது குறுக்கே நிற்கவும் ஒரு முறை வேண்டாமா? உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் கொடுத்த தீர்ப்பில், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அந்தக் கணக்குப்படி ஆள் வந்தால் போன் போட்டு அம்மாவை வரவழைக்கும் பழக்கம் தானாகக் குறையும். ஒப்பந்தச் சம்பளத்தில் திங்கள் ஒரு பள்ளி, செவ்வாய் ஒரு பள்ளி என்று ஓடும் ஆளை வைத்துக்கொண்டு முறை பேசுவது கடினம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நோட்டில் கோடு போட நியமன உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெங்ஙானூரைப் பற்றி ஒரு வார்த்தை. அய்யன்காளி பிறந்த ஊர். 2004-இல் கேரளத்தின் முதல் பட்ஸ் பள்ளி, அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக, கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் துணையோடு அந்தப் பஞ்சாயத்தில்தான் தொடங்கியது. ஒரு பஞ்சாயத்து நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது நம் பக்கத்திலேயே இருக்கும் சாட்சி. ஆனால் பொதுப் பள்ளியில் தொல்லை கொடுக்கும் பிள்ளையைத் தண்டனைபோல அங்கே தள்ளிவிடுவது அந்தப் பள்ளிக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம். அங்கே போவது பிள்ளையின் தேவை பார்த்து, பெற்றோர் விரும்பி எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது அதிகம் இல்லை. பிள்ளையை ஒரு மணி நேரம் முன்கூட்டி வீட்டுக்கு அனுப்பினாலும் அதை எழுத வேண்டும். யார் சொன்னது, எதற்கு, எத்தனை மணிக்கு. மாசத்தில் அப்படி மூன்று முறை ஆனால் நான்காம் முறைக்கு முன் எச்.எம்., வகுப்பாசிரியர், வட்டார வள மையத்தின் (பி.ஆர்.சி.) சிறப்பாசிரியர், தாய் அல்லது தந்தை நால்வரும் உட்கார வேண்டும். மூன்று கட்ட நோட்டு மேசைமேல் இருக்க வேண்டும். இது குறைபாட்டிலிருந்து வந்ததா, நாம் செய்யத் தவறியதிலிருந்து வந்ததா என்று கேட்டு, பதிலை எழுதி, அதன் நகலைத் தாயின் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாசிக்கும் மொழியில். வீட்டிலிருந்து படிப்பேன் என்ற தாளில் அன்றே ஒப்பு வாங்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய், வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வர ஒரு வாரம் கொடுக்க வேண்டும். இதற்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம். பி.டி.ஏ. கூடித் தீர்மானம் போட்டால் நாளைக்கே தொடங்கலாம். பஞ்சாயத்து உறுப்பினர்கள் மூவர் முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தப் பையன் இப்போது பெரியவன். போன மாசம் களியக்காவிளையில் பார்த்தேன். அம்மாவோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அது அவன் வழக்கமும் இல்லை. பக்கத்தில் வந்து, நான் ஏற வேண்டிய பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப்போய் நின்றுகொண்டான். "நல்லா இருக்கியா மக்களே" என்று கேட்டதற்கு மறுபடியும் அதே நேரத்தைச் சொன்னான். சொன்ன நேரத்துக்கு நாலு நிமிஷம் கழித்துப் பஸ் வந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அந்த நோட்டின் மூன்று கட்டத்தையும், வீட்டுக்கு அனுப்பினால் நிரப்ப வேண்டிய படிவத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே தாளின் இரண்டு பக்கம். வாசலருகே மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.